படி சொன்ன விலை

நஞ்சைவலசில் வடிகட்டி விற்கும் கடைகள் மூன்றுதான். பெயர்ப்பலகைகளில் நீளநீளமான பெயர்கள் இருந்தாலும் ஊரார் கதவின் நிறத்தைச் சொல்லித்தான் பேசுவார்கள். பச்சைக் கதவு, நீலக் கதவு, மஞ்சள் கதவு. ஒன்றுக்கொன்று நல்ல தூரம். வழியில் ஒதுங்க இடம் கிடையாது. ஒன்றிலிருந்து கிளம்பி வெயிலில் இன்னொன்றுக்குப் போய்ச் சேர்வதற்குள் எதற்காகக் கிளம்பினோம் என்பதே மறந்துவிடும். கடைக்காரர்கள் யோசித்துத்தான் இடம் பிடித்திருந்தார்கள்.

அந்த வெயிலிலேயே காலமெல்லாம் வேலை செய்த ஊர் என்பதால் பாதிப் பேருக்குச் சிறுநீரகம் பழுது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் இயந்திரச் சிறுநீரகம் வந்தபோது ஊரே கையெடுத்துக் கும்பிட்டது, 'பெட்டி' என்று செல்லப்பெயரும் வைத்தது. பெட்டியை அரசாங்கம் இலவசமாகவே கொடுத்தது. அதற்குள் மாதாமாதம் மாற்ற வேண்டிய வடிகட்டியை மட்டும் மூன்று கடைகளின் நல்ல மனசுக்கு விட்டுவிட்டது.

வடிகட்டிக்கு இன்ன விலை என்று கிடையாது. கடை வாசலில் ஒரு படி இருக்கும். அதில் காலை வைத்ததும் பாதத்தின் அழுத்தம், மூச்சு, நாடி, உடம்புச் சூடு எல்லாவற்றையும் அது பார்த்துக்கொள்ளும். இந்த ஆள் இங்கே வாங்காமல் அடுத்த கடைக்குப் போவாரா, போவதென்றால் அது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று கணக்குப் போடும். அந்தக் கணக்குக்கு 'அலுப்பு எண்' என்று பெயர். எண் ஏற ஏற, கவுண்டருக்கு மேலே இருக்கும் பலகையில் விலையும் ஏறும். முட்டி வலிக்காரர் முட்டி வலிக்குச் சேர்த்துக் கொடுப்பார், கைக்குழந்தைக்காரி கைக்குழந்தைக்குச் சேர்த்துக் கொடுப்பாள். சட்டப்படி எல்லாம் சரியாக இருந்தது.

ஜோஷிகாவுக்கு மட்டும் அலுப்பு எண் பூஜ்யம்.

அவள் அதற்காக எதுவும் முயற்சி செய்ததில்லை. கடை ஏறி இறங்குவதென்றால் அவளுக்கு அப்படியொரு பிரியம். வாங்க வேண்டும் என்ற ஆசை அறவே கிடையாது, பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவள் கணவன் தருணேஷ் ஒரு சேலை எடுத்துக் கொடுக்கலாம் என்று கூட்டிக்கொண்டு போய், ஊரிலிருந்த எல்லாத் துணிக்கடைகளையும் பார்த்துவிட்டு ஒரு கைக்குட்டையோடு திரும்பினான். அதுவும் அவன் வேர்வை துடைக்க வாங்கியது.

பக்கத்து வீட்டு ரித்விகா ஒருநாள் பேச்சுத்துணைக்கு அவளைப் பச்சைக் கதவுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பேரும் படியேறினார்கள். பலகையில் ரித்விகாவுக்கு வழக்கமாக வரும் விலையில் பாதி வந்தது. ஒரு கூட்டம் படியேறினால், அதில் 'வாங்க, அடுத்த கடையைப் பாக்கலாம்' என்று எழுந்திருக்கப் போவது யார் என்று படி தேடும். அவரைத்தான் முடிவெடுப்பவராக எடுத்துக்கொள்ளும். ஜோஷிகா உள்ளே வரும்போதே வெளியே போகும் ஆள் என்பது அதற்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு வீட்டில் சமைக்க நேரமில்லை. பெட்டி கட்டிய குடும்பங்கள் வரிசையில் வந்து கூப்பிட்டன. கூட வந்ததற்குச் சிலர் காசு கொடுத்தார்கள், சிலர் புளியோதரை கொடுத்தார்கள், ஒருத்தர் ஆட்டுக்குட்டி கொடுத்தார். ஜோஷிகா யாருடைய நோயையும் மனதில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவள் பாட்டுக்குக் கண்ணாடி அலமாரிகளை வேடிக்கை பார்த்தாள். ஊரில் வடிகட்டி விலை பொதுவாகவே இறங்கியது.

மூன்று கடைக்காரர்களும் கூடிப் பேசி விலை வைப்பது சட்டப்படி குற்றம். அதனால் அவர்கள் கூடிப் பேசவில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை மூன்று வாசல்களிலும் ஒரே அறிவிப்பு, ஒரே எழுத்துப்பிழையோடு தொங்கியது. இனிமேல் ஒருவர்தான் படியேறலாம், அவரும் நோயாளிக்கு ரத்த உறவாகவோ கட்டினவராகவோ இருக்க வேண்டும், போலி விற்பனையைத் தடுக்க இந்த ஏற்பாடு என்று போட்டிருந்தது. ஜோஷிகாவின் தொழில் அன்றைக்கு முடிந்தது.

அந்த வருஷமே தருணேஷுக்குப் பெட்டி கட்டினார்கள்.

முதல் வடிகட்டி வாங்க அவள் நீலக் கதவுக்குப் போனாள். மூன்று கடைகளிலும் அவளுக்குத் தெரியாத அலமாரி கிடையாது. கொஞ்சம் தெனாவட்டாகவே படியில் காலை வைத்தாள். பலகையைப் பார்த்தபோது தனக்கு முன்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். அப்படி யாரும் இல்லை. இறங்கி மறுபடி ஏறினாள். முன்னைவிடக் கொஞ்சம் கூடியது.

கவுண்டரில் வெள்ளையம்மாள் இருந்தாள். இருபது வயதுப் பெண். ஜோஷிகா, ரித்விகா போன்ற பெயர்களெல்லாம் கிழவிகளுக்கு என்றாகி, பழைய பெயர்கள் மறுபடி பிறந்த குழந்தைகளுக்கு வந்துவிட்ட காலம் அது. ஜோஷிகா கூட்டம் கூட்டமாக ஆட்களை அழைத்து வந்த நாளிலிருந்தே அவளுக்குப் பழக்கம்.

"படி கெட்டுப்போச்சா கண்ணு?"

"படி நல்லாத்தானுங்க இருக்குது. நீங்கதானுங்க மாறிட்டீங்க. முன்னெல்லாம் வேடிக்கை பாக்க வந்தீங்க. இப்ப மாமாவுக்கு வாங்க வந்திருக்கீங்க."

"அவருக்காக நான் எத்தன கடை வேணும்னாலும் ஏறி இறங்குவனே."

"இறங்குவீங்கக்கா. ஆனா கண்ணு முன்னால இருக்கறத விட்டுப்போட்டு வெளிய போகக் கால் வராது. போய்ட்டு வாரதுக்குள்ள அவருக்கு என்ன ஆகுமோன்னு பயம். அந்தப் பயத்தத்தான் படி பாக்குது. பாசம் இருக்கறவங்களுக்கு இங்க எப்பவும் வெல கூடத்தான்."

மற்ற கடைகளில் என்ன விலை என்று போனிலாவது கேட்டுச் சொல்லக்கூடாதா என்று ஜோஷிகா கேட்டாள். போனில் யாரும் விலை சொல்ல மாட்டார்கள் என்றாள் வெள்ளையம்மாள். போய்த்தான் கேட்க வேண்டும். போனாலும் பயன் இல்லை. அடுத்த கடைக்குப் போகும் சிரமத்துக்கு இந்தக் கடை கொஞ்சம் ஏற்றி வைக்கிறது. அந்தக் கடையும் அதே கணக்கில் ஏற்றி வைக்கிறது. அவர்கள் ஏற்றிவிட்டதால் இவர்கள் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். சிரமம் கடுகளவு இருந்தால் போதும், விலை உச்சிக்குப் போய்த்தான் நிற்கும்.

"அப்ப எல்லாக் கடை வெலயையும் பஸ் ஸ்டாண்டுல எழுதிப் போடச் சொல்லோணும்."

"அதயும் பண்ணிப் பாத்தாங்கக்கா, நான் சின்னப் புள்ளையா இருக்கறப்ப. அப்ப உங்க வீட்டுல பெட்டி இல்ல, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. அதுக்கு முன்னால யாராச்சும் ஒரு கடைக்காரரு சத்தமில்லாம வெலயக் கொறச்சு நாலு ஆள இழுத்துக்குவாரு. பலகை வெச்சதுக்கப்பறம் கொறச்ச நிமிசமே மத்த ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோகுது, அவங்களும் கொறைக்கறாங்க. ஆளும் வரல, லாபமும் வரல. அப்பறம் எதுக்குக் கொறைக்கோணும்? மூணு பேரும் மேல போய்ச் சேந்து நின்னுட்டாங்க. ஜனங்க கஷ்டப்படறாங்கன்னு பலகையக் கழட்டிட்டாங்க."

ஜோஷிகா அன்றைக்குக் கையிலிருந்த வளையலோடு போய் வளையல் இல்லாமல் வந்தாள். ஓசூரில் இருக்கும் மகளை அனுப்பலாம் என்றால், அவள் அப்பா பெயரைச் சொன்னாலே அழுகிற ரகம், படிக்கு அதைவிட நல்ல செய்தி வேண்டாம். ஊரில் பற்றறுக்கும் பயிற்சி வகுப்புகள் இரண்டு மூன்று நடந்தன. கண்ணை மூடி, மூச்சை இழுத்து, எனக்கு யாரும் இல்லை, எதுவும் வேண்டாம் என்று சொல்லச் சொல்வார்கள். ஜோஷிகாவும் சேர்ந்தாள். பாதி வகுப்பில் பயிற்சியாளரின் அம்மாவுக்குப் பெட்டி கட்டினார்கள். அவர் மஞ்சள் கதவில் கொடுத்த விலையைக் கேள்விப்பட்டதும் வகுப்பு தானாகக் கலைந்தது.

ஒரு வடிகட்டியை மாதக்கணக்குத் தாண்டியும் ஓட்ட ஆரம்பித்தாள். முதலில் தருணேஷின் கால் வீங்கியது, பிறகு முகம். புதியது மாற்றியாகிவிட்டது என்று அவனிடம் பொய் சொன்னாள். அவனும் தெம்பாக இருப்பதாகப் பொய் சொன்னான். காலையில் எழுந்ததும் அவன் மூச்சு வருகிறதா என்று பார்ப்பதுதான் அவளுக்கு முதல் வேலையாக இருந்தது. இப்படியே போனால் ஆடி தாண்ட மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பயமும் அடுத்த முறை படியில் விலையாக ஏறியது.

அப்போதுதான் அவளுக்கு லோகித்தின் நினைவு வந்தது.

லோகித், தருணேஷின் பெரியப்பா மகன். அவனுக்கு அண்ணன், அவளுக்கு மாமா முறை. பக்கத்துத் தோட்டம். இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு நின்று பதினோரு வருஷம் ஆகிறது. லோகித்தின் வேப்பமரம் அவர் மண்ணில் நின்றது, மத்தியானத்துக்கு மேல் அதன் நிழல் தருணேஷின் களத்தில் விழுந்தது. அரசாங்கம் நிழலுக்கும் வரி போட்ட வருஷம் அதை யார் கட்டுவது என்று கேள்வி எழுந்தது. மரம் யாருடையதோ அவர்தான் கட்ட வேண்டும் என்றான் தருணேஷ். நிழலில் யார் கட்டில் போட்டுப் படுக்கிறார்களோ அவர்கள் கட்ட வேண்டும் என்றார் லோகித். வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஒரு வாய்தாவுக்கு வக்கீல் வாங்கும் பணத்தில் இரண்டு பேரும் ஆயுசுக்கும் வரி கட்டியிருக்கலாம், ஆனால் பங்காளிக் காய்ச்சலில் அந்தக் கணக்கை யார் பார்ப்பார்கள்? நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. அந்த வீட்டுத் தண்ணீர் இந்த வீட்டு நாயும் குடிக்காது.

தருணேஷ் செத்தால் கவலைப்படாத ரத்த உறவு ஊரில் ஒருத்தர் உண்டென்றால் அது அவர்தான். ஜோஷிகா முந்தானையைச் சொருகிக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றாள்.

"உள்ள வான்னு சொல்ல மாட்டேன் அம்மிணி," என்றார் லோகித். "கேஸ் நடக்குது."

"நானும் வர மாட்டனுங்க மாமா," என்று சொல்லிவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னாள். தருணேஷ் இருந்தாலும் போனாலும் ஒன்றுதான் என்று நினைக்கிற ஆள் வேண்டும் என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். "உங்கள விட்டா வேற ஆளில்லீங்க."

லோகித் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். "அது வாஸ்தவந்தான்," என்றார். கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். "எம் புள்ளைக்குத் தை மாசம் கல்யாணம் வெச்சிருக்கறேன். அதுக்குள்ள அவன் போய்ச் சேந்துட்டான்னா பங்காளித் தீட்டு எனக்குத்தான். பந்தக்கால் நட முடியாது. அதனால வாங்கித் தாரேன். வேற ஒரு எண்ணமும் இல்ல, பாத்துக்க."

அந்த வாரமே வாங்கி வந்து இரண்டு தோட்டத்துக்கும் நடுவிலிருந்த சுவர்மேல் வைத்தார். அவர் சொன்ன விலையைக் கேட்டதும் ஜோஷிகாவுக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. அவளுக்கு வந்ததில் மூன்றில் ஒரு பங்கு. மனுஷன் கல்நெஞ்சுக்காரர் என்று தெரியும், இவ்வளவு கல் என்று தெரியாது. பணத்தைச் சுவர்மேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கல்லையும் வைத்தாள்.

மாதாமாதம் அப்படியே நடந்தது. தருணேஷின் வீக்கம் வடிந்தது. தன் பழைய கைராசி திரும்பிவிட்டது என்று அவனிடம் சொல்லிவைத்தாள். அவன் நம்பியது போலத்தான் தெரிந்தது. தெம்பு வந்ததும் முதல் வேலையாக வக்கீலைப் பார்த்து, லோகித்துக்கு எதிராகப் புதிதாக ஒரு மனு போட்டுவிட்டு வந்தான்.

தையில் லோகித்தின் மகள் கல்யாணம் நடந்தது. இவர்கள் போகவில்லை. பந்தியில் இனிப்பு ஒன்றுதான், ஒரே மகளுக்கே இப்படிக் கையை இறுக்கியிருக்கிறார் என்று ரித்விகா வந்து சொன்னாள். கல்யாணம்தான் முடிந்துவிட்டதே, இனிமேல் வாங்கித் தருவாரா என்று ஜோஷிகா பயந்துகொண்டே இருந்தாள். மாசியிலும் சுவர்மேல் வடிகட்டி இருந்தது. ஏன் என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டாள்.

"அவன் செத்துட்டா கேஸை உங்கூட நடத்தோணும். பொம்பளகூடக் கேஸ் நடத்தறது எனக்கு மரியாதையா?" என்று பதில் வந்தது.

சித்திரையில் ஒருநாள் பெட்டியின் பெல்ட் கொக்கி உடைந்துவிட்டது. பழுது பார்ப்பதற்கு நீலக் கதவில் பக்கவாட்டில் தனி வழி, அதில் படி கிடையாது. ஜோஷிகா அந்த வழியில் போய்ப் பெல்ட்டுக்குக் கொக்கி மாட்டிக்கொண்டு நின்றபோது, நடுவிலிருந்த கண்ணாடிக் கதவு வழியே லோகித் முன்வாசலில் ஏறுவதைப் பார்த்தாள். வெயிலில் முகம் கறுத்து, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படியில் காலை வைத்தார்.

பலகையில் வந்த விலையை ஜோஷிகா அதுவரை எந்தக் கடையிலும் பார்த்ததில்லை. அவளுக்கு வந்ததைவிடக் கூட. அவள் பயந்து செத்துக்கொண்டிருந்த மாதத்தில் வந்ததைவிடவும் கூட.

முதலில் அவளுக்கு வந்தது பொறாமை. கட்டினவள் நான், எனக்கே அவ்வளவுதான் வந்தது, இவர் யார் என்று இருந்தது. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

"போடு, போடு," என்று லோகித் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வெள்ளையம்மாள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்துவிட்டாள். கொஞ்சம் சத்தமாகவே, "மொத மாசத்துலயிருந்து சொல்றேனுங்க, எங்க கடையிலயே உங்களுக்குத்தான் வெல கூட வருது. ஒரு தடவயாவது அடுத்த கடையப் பாருங்களேன்," என்றாள்.

ஜோஷிகா கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "போடாத கண்ணு. மாமா, வாங்க, மஞ்சக் கதவுக்குப் போலாம்."

லோகித் அவளைப் பார்த்ததும் திருடன் போல விழித்தார். ஆனாலும் நகரவில்லை. "அங்க தீந்துபோயிருந்தா என்ன பண்றது?" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டு அவள் பின்னாலேயே வெளியே வந்தார்.

வாசலில் வைத்து, உங்களுக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டாள்.

"மெசின் கோளாறு அம்மிணி."

"அப்ப வேற கடைக்குப் போயிருக்கலாமுல்லீங்க?"

"மூணும் ஒரே கம்பெனி மெசின்." துண்டால் முகத்தைத் துடைத்தார், கண்ணையும் சேர்த்து. "அவங்கிட்டச் சொல்லிப்போடாத. கேஸ்ல எம் பக்கம் பலவீனமாயிரும்."

மகள் கல்யாணத்தில் இனிப்பு ஒன்றாகக் குறைந்தது ஏன் என்று ஜோஷிகாவுக்கு இப்போது புரிந்தது. அதைப் பேசினால் மனுஷன் கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்பதும் தெரிந்தது. அதனால் அவர் கையில் குடையைக் கொடுத்து, இங்கேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுத் தானே படியேறினாள். இவருக்கு ஆவதைவிடத் தனக்குக் குறைவுதானே, அந்த அளவுக்காவது மிச்சம் என்பதுதான் அவள் நினைப்பு.

பலகையில் வந்த விலையைப் பார்த்து வெள்ளையம்மாள் எழுந்து நின்றுவிட்டாள். பழைய பூஜ்யம் இல்லை. ஆனால் அவள் மாதாமாதம் சுவர்மேல் வைத்த பணத்துக்குக் கிட்டத்தட்ட வந்திருந்தது.

"என்னக்கா பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணல கண்ணு. வெளிய ஆள் நிக்கறாங்க."

வெள்ளையம்மாள் எட்டிப் பார்த்தாள். குடைக்குக் கீழே லோகித், யாருக்கோ தண்டனை கொடுப்பதைப் போல விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். "இங்க இல்லீன்னா அவரு மத்த ரெண்டு கடைக்கும் ஓடுவாருன்னு உங்க காலுக்குத் தெரிஞ்சு பயம் விட்டுப்போச்சுங்க," என்றாள். "படி ஒரு ஆளத்தான் ஏத்தும். வெளிய நிக்கற ஆளோட பயத்தக் கணக்குல எடுக்க அதுக்குத் தெரியல."

அன்று சாயங்காலம் ஜோஷிகா தருணேஷிடம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டதையும் சேர்த்துச் சொன்னாள். இனி மாதாமாதம் லோகித் வாசலில் வந்து நின்றால்தான் விலை இறங்கும் என்றாள். அவன் பெட்டியைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான்.

"இத்தன பண்ணுனவர்கூட நமக்கென்னங்க கேஸு? நாளைக்கே வாபஸ் வாங்கிரலாம்," என்றாள் அவள்.

"உனக்கு விவரமே பத்தாது," என்றான் தருணேஷ். "கேஸ் இருக்கறதாலதான், நான் சாகக்கூடாதுன்னு அவன் வெளிய சொல்லிக்க முடியுது. கேஸை வாபஸ் வாங்கிட்டா, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க வந்து நிப்பான்? வக்கீலுக்குப் போனைப் போடு. இன்னொரு வாய்தா வாங்கச் சொல்லு."

ஜோஷிகா போனை எடுத்து வந்து கொடுத்தாள். வக்கீல், எதிர்த்தரப்பும் காலையிலேயே வாய்தா கேட்டுவிட்டதாகச் சொன்னார்.